55 செ.மீ. இருக்கை, 148 செ.மீ. பாட்டி: ரோலேட்டர் தேர்வு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாட்டிக்கு வயது 76. உயரம் 148 செ.மீ., எடை 61 கிலோ. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றின் ஏழாவது மாடியில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். நீண்ட நாளைய நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வகை மாத்திரை. நான்கு ஆண்டுகளாகத் தொங்காட் (கைத்தடி) ஊன்றி நடக்கிறார். கடந்த ஓராண்டில் இரண்டு முறை விழுந்தார், இரண்டும் வீட்டுக்குள்ளேயே. எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். தடியோடு நாற்பது ஐம்பது மீட்டர் நடந்தால் முழங்கால் கெஞ்சும். நின்ற இடத்தில் உட்கார ஒன்றும் இருக்காது. வெள்ளிக்கிழமை குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், காலைச் சந்தை, மாதாந்தரக் கிளினிக் என்று இருந்த வெளிநடை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் கிளினிக் மட்டும் மிஞ்சியிருந்தது.

இது ஒரே வீட்டில் நடந்ததன்று. ஒரே தவறு திரும்பத் திரும்ப நேரும் வீடுகளின் விவரங்களைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. அளவெடுக்கும் முறையும் பிரேக்கைச் சரிபார்க்கும் விதமும் யார் வீட்டுக்கும் பொருந்தும். பாட்டியின் எண்கள் மட்டும் பாட்டிக்கு உரியவை.

முதலில் வந்த வண்டி

பிடித்துத் தள்ளியபடி நடக்க உதவும் சக்கர வண்டிதான் ரோலேட்டர். மகன் ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கினார். நான்கு சக்கரம், இரண்டு கை பிரேக், நடுவில் இருக்கை, அடியில் கூடை. படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. 136 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருந்ததால் 'கெட்டியான பொருள்' என்று மனம் நிறைந்தது. எஃகுச் சட்டம், எடை 9.8 கிலோ. தரையிலிருந்து இருக்கை 55 செ.மீ. கைப்பிடியின் ஆகக் குறைந்த உயரம் 82 செ.மீ. மொத்த அகலம் 65 செ.மீ.

பெட்டியைப் பிரித்து, சக்கரம் மாட்டி, கைப்பிடியைக் கடைசி ஓட்டை வரை இறக்கியும் பாட்டியின் தோள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்தே நின்றன. "பழகிடும்மா" என்றார் மகன். அதற்குக் கீழே இறக்க ஓட்டை இல்லை என்பதுதான் உண்மை.

பதினோராம் நாள், மின்தூக்கிக்கு முன்னால் காத்திருந்தபோது பாட்டி உட்காரப் போனார். வலது பிரேக் பூட்டியிருந்தது. இடது பாதிதான் இறங்கியிருந்தது. பூட்டிய சக்கரத்தை அச்சாக வைத்து வண்டி அரை வட்டம் சுழன்றது. பாட்டி இருக்கையின் விளிம்பில் தொங்கி, வழுக்கி, பேரன் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துப் பிடித்ததால் தரையைத் தொடவில்லை. அன்று மாலையே "எனக்குத் தொங்காட்டே போதும்" என்று வண்டியை மூலையில் நிறுத்திவிட்டார்.

பிரேக்கைச் சரியாகப் போடாதது பாட்டியின் பிழை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். மூன்று காரணம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இருக்கையின் உயரம் முதலாவது. கால் முழுதாகத் தரையில் இருந்தபடி உட்காரும்போது உடலின் பாரம் நேராகக் கீழே இறங்கும். இருக்கை மிக உயரமாக இருந்தால் ஒருவர் உட்காருவதில்லை, ஏறுகிறார். நுனிக்காலால் தரையை உந்தி, உடலைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றுகிறார். அந்த உந்தல் கிடைமட்டமாகச் சக்கரத்தைத் தள்ளுகிறது. உட்காருபவர் முகம் வண்டி வந்த திசையைப் பார்ப்பதால், வண்டி தன் முன்திசையில் ஓடும். பாட்டிக்கு அது முதுகுப் பக்கம். கண்ணில் படாது.

இரண்டாவது, இடது கை. கட்டைவிரல் அடிமூட்டில் வலி உள்ளவர் நெம்புகோலை விரலால் அழுத்திப் பூட்ட முயன்றால் பாதியில் விட்டுவிடுவார். இந்த வண்டியில் கேபிளும் தளர்ந்திருந்தது. நெம்புகோல் கீழே போனாலும் பிரேக் கட்டை டயரில் பதியவில்லை.

மூன்றாவது, தரை. மின்தூக்கி முகப்பில் வழவழப்பான ஓடு. டயர் கெட்டிப் பிளாஸ்டிக். பூட்டிய சக்கரமும் சற்று நழுவும்.

இருக்கைக்காகத்தான் எல்லாரும் ரோலேட்டர் வாங்குகிறார்கள். ஆபத்தும் அந்த இருக்கையில்தான். நடக்கும்போது விழுவதைப் பற்றி வீடு முழுவதும் கவலைப்படும். உட்காரவும் எழவும் எடுக்கும் பத்துப் பத்து விநாடிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரோலேட்டர்தானா?

அடுத்த வண்டியைத் தேடுமுன் இதைக் கேட்டாக வேண்டும். ரோலேட்டர் பாரம் தாங்கும் சாதனமன்று, சமநிலைக்குத் துணை. உடல் எடையில் பெரும்பங்கைக் கையில் இறக்கினால்தான் ஓரடி வைக்க முடியும் என்கிறவருக்கு அது முன்னால் ஓடும், அவர் பின்னால் விழுவார். அப்படிப்பட்டவருக்குச் சக்கரமில்லாத நான்கு கால் வாக்கர் வேண்டும், அல்லது முன்னால் மட்டும் இரண்டு சக்கரம் உள்ளது. பாட்டி ஒரு நிமிடம் மேசையில் விரல் நுனி மட்டும் பட நின்றார். கையில் பாரம் இறக்காமல் பத்து அடி வைத்தார். இந்த இரண்டும் போதுமான தொடக்கம்.

பிறகு நேரம் பார்க்கும் சோதனை: கைவைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் என்றால் விழும் அபாயத்தை நினைக்க வேண்டும். தடியோடு பாட்டிக்கு 26 விநாடி ஆனது. அதைவிட முக்கியமாக, திரும்பும்போது ஏழெட்டுச் சிறு அடி வைத்துத் தடுமாறினார். திரும்புவது இவருக்குச் சிக்கல் என்றால், ரோலேட்டரில் உட்கார 180 பாகை திரும்ப வேண்டியிருப்பதும் சிக்கல்தான். பயிற்சியில் பாதி அங்கே போக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எந்த வண்டி வாங்கினாலும் எழுந்தவுடன் தலை சுற்றலாம். முதலில் மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேச வேண்டும். பாட்டிக்கு மேல் எண் 14 இறங்கியது. எல்லைக்குள்தான். ஆனாலும் எழுந்ததும் பத்து எண்ணிவிட்டு நடப்பது என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

பார்க்கின்சன் நோய் உள்ளவர் வீட்டில் இந்தக் கட்டுரையைப் படித்தால் இங்கேயே ஒரு நிறுத்தம். அடி குறுகிக் குறுகி வேகம் கூடும் நடைக்குச் சாதாரண ரோலேட்டர் எண்ணெய் ஊற்றுவதுபோல. பிடித்தால்தான் சக்கரம் விடுபடும், கையை விட்டால் தானே நின்றுவிடும் என்ற தலைகீழ் பிரேக் வண்டியை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டுக் குழாய் குறுகி, நடந்தால் கால் கடுத்து, குனிந்தால் வலி விடுபவருக்கோ நேர்மாறாக ரோலேட்டர் நல்ல துணை. சந்தையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் நெடுந்தூரம் நடப்பேன் என்று அவர்களே சொல்வார்கள். அதற்காகக் கைப்பிடியை வேண்டுமென்றே தாழ்த்தக் கூடாது.

அளவு

தேவை ஓர் இஞ்சி டேப்பும் இரண்டு பேரும். பாட்டி வழக்கமாக வெளியே போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கிறார், பார்வை நேராக, கை இரண்டும் தொங்கவிட்டபடி. மணிக்கட்டின் உட்பக்க மடிப்புக் கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் அதுவே கைப்பிடியின் உயரம். பாட்டிக்கு 73.5 செ.மீ. வந்தது. முதல் வண்டியின் 82-உக்கும் இதற்கும் எட்டரை செ.மீ. இடைவெளி. அந்த அளவில் பிடித்தால் முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடியும், தோள் உயராது. கூன் விழுந்தவரை நிமிர்த்தி நிறுத்தி அளந்துவிட்டு, நடக்கும்போது அவர் மறுபடி வளைந்தால் அளவு தப்பும். இயல்பாக எவ்வளவு நிமிர முடியுமோ அந்த நிலையில் அளக்க வேண்டும்.

வெறுங்காலோடு அளந்தால் 71 வந்தது. வீட்டுக்குள் நம் வழக்கம் வெறுங்கால். கைப்பிடி ஓட்டைகளோ பெரும்பாலும் இரண்டரை செ.மீ. இடைவெளியில் இருக்கும். வெளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தினமும் மாற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. இங்கே நீரிழிவு உதவிக்கு வந்தது. உணர்ச்சி மங்கிய பாதத்தோடு வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. கிழிந்தாலும் குத்தினாலும் தெரியாது. எனவே குதிவார் உள்ள, வெளிச்செருப்பின் அதே தடிமனில் ஒரு வீட்டுச் செருப்பு. கைப்பிடி ஒரே ஓட்டையில் நின்றுவிட்டது. விரலிடுக்கில் மாட்டும் ரப்பர் சிலிப்பர் இரண்டு இடத்துக்கும் ஆகாது. பின்னால் கழன்று சக்கரத்தடியில் போகும்.

இருக்கைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பின்மடிப்பிலிருந்து தரை வரை, செருப்போடு. பாட்டிக்கு 40. சந்தையில் கிடைக்கும் ரோலேட்டர்களில் பெரும்பாலானவை 50-லிருந்து 55 வரை. குள்ளமானவர்க்கான வகை 45, 46-இல் தொடங்கும். 40-க்கு 46 கூடுதல் போலத் தோன்றும். முழங்கால் தேய்ந்தவருக்கு இருக்கை சற்று மேலே இருந்தால் எழுவது எளிது. தொடை முன்னுக்குச் சரிந்து, குதிகால் உட்பட முழுப் பாதமும் தரையில் படுகிறதா என்பதே கணக்கு. 46-இல் பட்டது. 55-இல் பெருவிரல் மட்டும் பட்டது.

கதவுக்கு ஒரு சொல். சட்டத்துக்குச் சட்டம் அளந்து ஏமாறுகிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் பலகையின் தடிமன் வழியில் நிற்கும். பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே உள்ளதுதான் வழி. அறைக் கதவு 74, குளியலறை 62. 65 அகல வண்டி குளியலறை வாசலோடு நின்றதன் காரணம் இவ்வளவுதான். அகலம் குறைந்த வண்டி வாங்கினாலும் அங்கே தண்ணீர் வெளியேறாமல் இருக்கக் கட்டிய 9 செ.மீ. திட்டு இருக்கிறது. ஈரத் தரையும் ரோலேட்டரும் சேரவே கூடாது. வண்டி வாசலில் பிரேக் போட்டு நிற்கும், உள்ளே சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி. வாசலுக்கு அருகில் செங்குத்தாக ஒன்று, குளியலறை இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. உறிஞ்சி ஒட்டும் வகைக் கம்பி வேண்டாம், ஓட்டின் இடுக்கில் காற்று புகுந்து கழன்றுவிடும்.

கடையில்

பாட்டியை அழைத்துப் போக வேண்டும். இது பேச்சுக்கு இடமில்லாத விதி. ஓய்வாக உட்கார்ந்து பார்க்கும் கடையாக, பிற்பகல் கூட்டமில்லாத நேரமாக இருந்தால் நல்லது.

எடை தாங்கும் அளவு 100 கிலோ என்று இருந்தால் 61 கிலோ பாட்டிக்குத் தாராளம். 136 என்ற எண் அவருக்கு ஒன்றும் கூடுதலாகத் தராது. கனமான சட்டத்தைத்தான் தரும். சட்டத்தில் ஒட்டிய சீட்டில் பயன்படுத்துபவரின் உச்ச எடையும் ஐஎஸ்ஓ 11199-2 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். ரோலேட்டருக்கென்றே உள்ள தரம் அது.

வண்டியைத் தூக்கப் போவது பாட்டியல்லர், மருமகள். 9.8 கிலோவை மைவி காரின் பின்பெட்டி விளிம்புக்கு மேல் தூக்கி இறக்குவது, போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. நான்காவது வாரத்தில் "இன்னிக்கு வேண்டாமே அத்தை" என்று வரும். அதனால் அலுமினியம், தேர்ந்தெடுத்தது 6.9 கிலோ. கார்பன் இழையில் இன்னும் இலேசானவை உண்டு, விலையில் பல மடங்கு. மடிப்பிலும் வேறுபாடு இருக்கிறது. முன்பின்னாக மடிபவை மடித்த பிறகும் அதே அகலம். பக்கவாட்டில் கத்தரிபோல் மடிபவை ஒல்லியாகி, தானே நிற்கும். பின்பெட்டியிலும் வாசல் மூலையிலும் இடம் அடைக்காது. இருக்கையின் நடுவாரை மேலே இழுத்தால் மடியும். அதே வாரில் கை மாட்டி நசுங்குவதும் உண்டு. விரிக்கும்போது இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி, பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகே கையை எடுக்க வேண்டும்.

சக்கரம் 8 அங்குலம், மென்மையான டயர். வீட்டுக்குள் மட்டும் என்றால் 6 போதும். பினாங்குத் தெருவில் லொங்கான் (சாக்கடை) மூடிக் கம்பிகளின் இடைவெளி 6 அங்குலச் சக்கரத்தை விழுங்கும். 10 அங்குலம் கரடுமுரடான பாதைக்கு நல்லது, ஆனால் வண்டி நீண்டு மின்தூக்கிக்குள் திரும்பாது.

கடையில் நின்றபடி செய்யும் மூன்று சோதனை: இரண்டு பிரேக்கும் பூட்டி முன்னால் தள்ளினால் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிரேக் விட்டு ஒரு கையால் மெல்லத் தள்ளினால் நேராகப் போக வேண்டும், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பாட்டி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில்தான் இருக்கையின் குறுக்குக் குழாய் தொடையில் அழுத்துவது தெரியும். முதுகு வார் இல்லாத வண்டியை எடுக்க வேண்டாம். சாய்ந்துவிட்டுப் பின்பக்கம் புரண்டவர்கள் உண்டு.

நெம்புகோல் பூட்டும்போது கட்டைவிரலை விட்டு உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தச் சொன்னபோது இடது கை தடையின்றிப் பூட்டியது. அதுவும் முடியாதவருக்கு வேறு வகைகள் உள்ளன: ஒரே நெம்புகோலில் இரண்டு சக்கரமும் பூட்டுபவை பக்கவாதக்காரர்களுக்கு ஆகும். கைப்பிடியை அழுத்தினால் பின்கால் தரையில் ஊன்றி நிற்கும் வகையும் உண்டு. இறக்கத்தில் வேகம் குறைக்க அது உதவாது என்பதால் தெருவுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பணம் பற்றி: மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர் சமூகநலத்துறையிடம் துணைக்கருவி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், மருத்துவ அதிகாரியின் பரிந்துரையோடு. வேலையில் இருந்தபோது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் காப்புறுதி செய்தவர் அங்கும் கேட்டுப் பார்க்கலாம். பாட்டிக்கு இரண்டும் இல்லை. மகனும் மகளும் பகிர்ந்துகொண்டார்கள்.

பிரேக் கேபிள்

புது வண்டியின் கேபிள் முதல் சில வாரத்தில் சற்று நீளும். இது பழுதன்று. சரிசெய்யாமல் விடுவதுதான் பழுது. மிதிவண்டி பிரேக் பார்த்தவருக்கு இது புதிதல்ல.

நெம்புகோலுக்குக் கீழே, சில வண்டியில் பின்சக்கரத்துக்கு மேலே, கேபிள் நுழையும் இடத்தில் சிறு குழல் போன்ற திருகும் அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டும் இருக்கும். முதலில் நட்டைத் தளர்த்த வேண்டும். குழலை வெளிப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினால் கேபிள் இறுகும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திச் சோதிக்க வேண்டும்: பிரேக் விட்ட நிலையில் கட்டைக்கும் டயருக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. இடம், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். பூட்டினால் அசையக் கூடாது. இரண்டும் அமைந்ததும் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். நட்டை மறந்தால் ஒரு வாரத்தில் குழல் தானே தளர்ந்து பழைய நிலைக்குப் போகும். குழல் முழுதும் வெளியே வந்தும் பிடிக்கவில்லை என்றால் திருகுவதை நிறுத்துங்கள். டயர் தேய்ந்திருக்கும், அல்லது கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் இரண்டாவது அடிக்கடி நடக்கும்.

பாட்டியின் முதல் வண்டியில் இடது கட்டைக்கும் டயருக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தது. வாங்கிய நாளிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உட்காரப் பழகுதல்

இரண்டு வாரத்தில் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் அரைமணி நேரம். நடப்பதற்கு ஓர் அமர்வே போதுமாயிற்று: பின்சக்கரங்களுக்கு நடுவே காலை வைத்து நடப்பது, வண்டியை முன்னால் விட்டுவிட்டுத் துரத்தாமல் இருப்பது, பார்வை காலில் இல்லாமல் நாலைந்து மீட்டர் முன்னால். மீதி மூன்றும் உட்கார்ந்து எழத்தான்.

முன்சக்கரம் இரண்டும் சுவரைத் தொடும்படி வண்டியை நிறுத்துகிறார். பிரேக் ஒன்று, பிரேக் இரண்டு. 'டக்', 'டக்' என்று இரண்டு சத்தம் எண்ணுகிறார். ஒரு சத்தம்தான் கேட்டது என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பிறகு ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார். அசையவில்லை. இப்போது சிறு சிறு அடியாகத் திரும்புகிறார், ஒரு கை எப்போதும் ஏதாவது ஒரு கைப்பிடியில். முழுதும் திரும்பிய பின் இரண்டு கையும் பின்னால் கைப்பிடிகளில். இருக்கை விளிம்பு காலின் பின்பக்கத்தைத் தொடும்வரை பின்னுக்கு ஓர் அடி. பாட்டிக்குப் பாதத்தில்தான் உணர்ச்சி குறைவு, முழங்காலுக்குப் பின்னால் நன்றாகவே தெரிகிறது. அதனால் இந்த அடையாளத்தை நம்பலாம். மெதுவாக இறங்குகிறார். தொப்பென்று விழுந்தால் அது உட்கார்ந்ததில் சேர்த்தியில்லை.

எழும்போது முதலில் பிரேக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும், யாராவது விட்டிருக்கலாம். முன்னால் நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, கையால் கீழே அழுத்தி எழ வேண்டும். எழுந்து பத்து எண்ணியபின் திரும்ப வேண்டும்.

பேரன் ஒருநாள் "பாட்டி, உட்காருங்க, நான் தள்ளிட்டுப் போறேன்" என்றான். கூடாது. 1978-இல் சுவீடனில் போலியோவால் பாதிக்கப்பட்டிருந்த ஐனா வீஃபால்க் இதை உருவாக்கியது, நடப்பவர் நடந்துகொண்டே இருப்பதற்கு. கால் வைக்கும் பலகை இல்லாத வண்டியில் பாதம் தரையில் இழுபடும், செருப்பு சக்கரத்தில் மாட்டும், ஒரு சிறு விரிசலில் சக்கரம் நின்றாலே ஆள் கவிழ்வார். தள்ளவும் வேண்டும் என்றால் கால்பலகையோடு வரும், இரண்டுக்கும் பயன்படும் வண்டி இருக்கிறது; கனம் கூடுதல்.

சேலையைப் பற்றி எந்த வண்டியின் கையேட்டிலும் இருக்காது. கொசுவத்தின் அடி தரையைத் தொட்டால், குதிகாலுக்குப் பக்கத்தில் சுழலும் பின்சக்கரம் அதைக் கவ்வும். இழுபட்டது தெரிந்து பாட்டி குனிந்தால் பாரம் முன்னால் போகும். கொசுவத்தைக் கணுக்கால் எலும்புக்கு மேலே நிறுத்தி, முந்தானையை இடுப்பில் செருகி ஓர் ஊக்குக் குத்திவிட்டால் போதும். கைலிக்கும் இதே கணக்கு. சந்தைப் பை கைப்பிடியில் தொங்கக் கூடாது. அந்தப் பக்கமே வண்டி திரும்பும், எழும்போது புரளும். இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில், பெரும்பாலும் 5 கிலோவுக்குள்.

அஞ்சடியும் வாசற்படியும்

ஜோர்ஜ்டவுன் கடைவீட்டு அஞ்சடி, அதாவது கடைமுன் கூரையிட்ட நடைபாதை, நிழலுக்குப் பேர்போனது, ரோலேட்டருக்கு எதிரி. ஒவ்வொரு கடைக்காரரும் தம் முன்தரையைத் தம் விருப்பத்துக்கு உயர்த்தியிருப்பார். கடைக்குக் கடை ஒரு படி. நடுவில் மோட்டார் சைக்கிள், பூக்கூடை, மாலைக்கட்டு. ஐந்து கடை தாண்டுவதற்குள் தெருவில் இறங்கிவிட நேரும். அதனால் கோயிலுக்கு நடைபாதைத் திட்டம் எதுவும் போடவில்லை. கார் கோயில் வாசலுக்கு எவ்வளவு அருகில் நிற்க முடியுமோ அங்கே நின்று, மருமகள் வண்டியை விரித்து பிரேக் போட்ட பிறகே பாட்டி காரிலிருந்து எழுகிறார்.

தவிர்க்க முடியாத ஒரு படிக்கு, வண்டியை நேராக அதன் முன் நிறுத்த வேண்டும். மருமகள் முன்பக்கத்தைத் தூக்கி வைக்கிறார், பாட்டி கைப்பிடியை விடாமல் நின்று, பின்சக்கரமும் ஏறியபின் நல்ல காலை முன்வைத்து ஏறுகிறார். தனியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாதம் மரத்த பாட்டிக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். மின்தூக்கி வாசலின் இடுக்கையும் நேர்க்குத்தாகத்தான் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சுழலும் முன்சக்கரம் அந்த இடுக்கின் வழியே திரும்பி நின்றுவிடும். இறக்கத்தில் பிரேக்கைப் பாதி பிடித்தபடி, அடியைக் குறுக்கி.

கோயிலுக்குள் செருப்பு இல்லை. கைப்பிடி அங்கே இரண்டரை செ.மீ. கூடுதல் உயரம், அரைமணி நேரத்துக்குப் பரவாயில்லை. பரவாயில்லை என்று விட முடியாதது வெயில் நேரத்துக் கல்தரை. சூடு தெரியாத பாதம் வெந்துவிடும், வீடு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். அடியில் ரப்பர்ப் புள்ளி பதித்த தடித்த காலுறை, வெயில் ஏறுமுன் போவது, அபிஷேகத் தண்ணீர் ஓடிய பக்கம் போகாதது என்று முடிவாயிற்று. சக்கரத்தை வாசலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். ஈர டயரில் பிரேக் பிடிக்காது. தண்ணீர்மலை முருகனின் 513 படிக்கு எந்த ரோலேட்டரும் துணைவராது. தைப்பூசத்துக்கு அடிவாரத்தில், கூட்டத்தின் ஓட்டத்திலிருந்து விலகி, நிழலில் உட்கார இருக்கை கையோடு இருப்பதே லாபம்.

ஆறு வாரத்துக்குப் பின்

எழுந்து நடந்து திரும்பும் சோதனை 26-லிருந்து 21 விநாடிக்கு வந்திருந்தது. இந்த ஐந்து விநாடியைப் பெரிதாக எண்ணத் தேவையில்லை. சிலருக்கு ரோலேட்டரோடு நேரம் கூடவும் செய்யும், வண்டியையும் சேர்த்துத் திருப்ப வேண்டுமே. திரும்பும்போது தடுமாற்றம் இல்லை என்பதுதான் பதிவேட்டில் அடிக்கோடிட வேண்டியது. நடைத்தூரம் 150 மீட்டர், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து. முழங்கால் கெஞ்சிய பிறகு உட்காராமல், 50 மீட்டருக்கு ஒருமுறை கெஞ்சுமுன் உட்காரும் வழக்கம் அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கோயில். சந்தைக்கு இன்னும் போகவில்லை, மீன் பகுதியின் ஈரத் தரையில் போக விடுவதாகவும் இல்லை.

முன்சக்கரம் ஒன்று 'கடகட'வென்று உதறத் தொடங்கியிருந்தது. நீள்முடிப் பெண்கள் மூவர் உள்ள வீடு; அச்சில் முடியும் சேலை நூலும் கயிறுபோல் சுற்றிக் கிடந்தன. சின்னக் கத்தரிக்கோலால் அறுத்து, பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்ததும் உதறல் நின்றது. இடது கேபிளுக்குக் கால் சுற்று. மாதத்தின் முதல் ஞாயிறு இந்த இரண்டையும் பார்ப்பது பேரன் பொறுப்பு.

மூலையில் கிடந்த பழைய வண்டியை மூன்றாம் மாடியில் இருக்கும் தாத்தா ஒருவர் கேட்டார். அவர் 172 செ.மீ. உயரம். மணிக்கட்டு மடிப்பு 84.5 வந்தது; கைப்பிடியின் இரண்டாவது ஓட்டை அவருக்குச் சரி. 55 இருக்கை அவருக்கும் உயரந்தான், ஆனால் குதிகால் தரையில் படுகிறது. இடது கேபிளை மாற்றி, டயருக்கு மென்மையான வகை கிடைக்கும்வரை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாயிற்று. அவர் வீட்டுக் குளியலறைக் கதவும் 62 தான்.